தலையைத் தூக்காமல் ஓர் அடி

பக்கத்தில் வந்து உட்காருங்கள், என் செல்லங்களா. சின்னக் கதைதான். கையில் இருக்கிற காப்பி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

பந்து மறுபடியும் வலது பக்கமே போனது.

ஆனைக்குட்டம் அணை தண்ணீர் வற்றி, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தூரத்தில் ஒற்றைக் கருவேல மரம். வேல்விழி அடித்த பந்து அந்த மரத்தைப் பார்த்துத்தான் கிளம்பியது. பாதி வழியில் மனசு மாறியதைப் போல வளைந்து, ஆட்டுக் கூட்டத்துக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

"ஏ ஆத்தா! செனையாடு நிக்கிது. ஒன் மட்டையக் கோயமுத்தூர்ல வச்சு அடி, இங்கன வேணாம்!" என்று ஆடு மேய்க்கும் மாரீஸ்வரன் கத்தினார்.

கோயம்புத்தூரில் அடிப்பதற்குத்தான் இத்தனை பாடும். அங்கே கல்லூரியில் அவள் தோள் வலுவைப் பார்த்து கோல்ஃப் ஆட்டத்தில் சேர்த்துவிட்டிருந்தார்கள். நாளைக் காலையில் அணித் தேர்வு. டிரைவர் என்கிற நீள மட்டையால் அடிக்கும் அடி நேராகப் போகாவிட்டால் அணியில் இடம் இல்லை. அணியில் இல்லாதவளுக்கு இலவச விடுதி இல்லை, படிப்பும் இல்லை. ஊருக்குத் திரும்பி, அம்மா சோலையம்மாள் பார்க்கிற அதே பட்டாசு வேலைக்குத்தான் போயாக வேண்டும்.

அந்த ஒன்று மட்டும் கூடாது என்றுதான் சோலையம்மாள் மகளைப் பஸ் ஏற்றி அனுப்பினாள். இன்று காலை அணைக்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கம்பெனிக்குக் கிளம்பும்போதும், "நீ பஸ் ஏறுறதுக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே குற்றம். மட்டை பந்தில் படும்போது தலையைத் தூக்குகிறாய். தூக்காதே.

அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். தாடையைச் சட்டைக் காலருக்குள் செருகிக்கொண்டு அடித்தாள். மாமன் மகன் செல்வக்குமார், ஒரு தீப்பெட்டி லேபிளைக் கிழித்துப் பந்துக்கு அடியில் வைத்து, "இதுல இருக்க கிளிய மட்டும் பாரு" என்றான். பார்த்தாள். மட்டை பட்டதும் கிளியாவது, குருவியாவது! தலை தானாக மேலே போனது.

சாயங்காலம் பஸ். கொண்டுவந்த பந்துகள் எல்லாம் முள்ளுக்குள் போய்விட்டன. ஒன்றுதான் மிச்சம்.

செல்வக்குமார் போனை நீட்டினான். கடைசியாக அடித்ததைப் படம் பிடித்திருந்தான்.

"எங்க போகுதுன்னு பாக்க அம்புட்டு அவசரமா, புள்ள? அது என்ன ஒன் மாப்பிள்ளையா?"

அவள் சிரிக்கவில்லை. படத்தை மெதுவாக ஓட விட்டாள். மட்டை இறங்கியது. பந்தில் பட்டது. தலை எழுந்தது.

பந்து பறந்த பக்கம் அது திரும்பவே இல்லை.

நேர் எதிர்ப்பக்கம், அணைக்கரையைப் பார்த்துத் திரும்பியது.

இன்னொரு தடவை ஓட விட்டாள். பிறகு போனைத் தாழ்த்திவிட்டாள். அவள் தோளுக்கு மேலாகச் செல்வக்குமாரும் பார்த்திருந்தான். அவன் முகத்தில் இருந்த கேலி காணாமல் போயிருந்தது.

கடைசிப் பந்தை, அதை நிறுத்துவதற்காக மண்ணில் குத்தியிருந்த சின்னக் குச்சியின் மேல் வைத்தாள். பந்து நிற்காமல் உருண்டது. மறுபடி வைத்தாள்.

"மச்சான், நீ கரையப் பாத்து நில்லு. நான் அடிக்கேன். நீ பாத்துச் சொல்லு."

எதைப் பார்க்க வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான்.

காற்று அசையவில்லை. மட்டையைப் பின்னுக்கு இழுத்தாள். தோள் முழுதாகத் திரும்பியது. அடிப்பதற்கு முன்பே கழுத்து நரம்பு மேலே இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடித்தாள்.

வெடி போலப் படார் என்ற சத்தம் கரையில் மோதித் திரும்பி வந்தது.

ஆட்டுக்கு என்ன ஆயிற்றோ என்று மாரீஸ்வரன் பார்க்கவில்லை. கரைப் பக்கம் பார்த்தார். கரைமேல் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் அரிவாளோடு எழுந்து, மறுபக்க வானத்தைப் பார்த்தார்கள். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று, அவரும் அங்கேதான் பார்த்தார்.

வேல்விழி மட்டும் பந்து இருந்த இடத்தையே பார்த்தபடி குனிந்து நின்றாள்.

"புகை இல்ல," என்றான் செல்வக்குமார். "அத்தை கம்பெனிப் பக்கம் வானம் வெளிச்சமாத்தான் இருக்கு."

அதற்குப் பிறகுதான் அவள் தலை நிமிர்ந்தது.

ஒற்றைக் கருவேலத்துக்கு நேர் கீழே பந்து வெள்ளையாகக் கிடந்தது. அது போன வழியை ஒருவரும் பார்த்திருக்கவில்லை.

செல்வக்குமார் இன்னும் திரும்பவில்லை. கரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"நாளைக்கு எத்தன மணிக்கு அடிப்ப?"

"ஒம்பது மணிக்கு."

"நீ குனிஞ்சபடியே அடி, புள்ள. நான் இங்கன கரைமேலதான் நிப்பேன்."

நீங்களும் நல்லா இருங்கள், என் மக்களே. காலையில் உங்கள் வீட்டு வாசல் தாண்டி வேலைக்குப் போகிற அத்தனை பேரும், விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒருவரும் குறையாமல் வீடு வந்து சேரட்டும்.