மணப்பெண்ணின் நிறம்

தேவாலய மணி அடிக்க ஒரு மணி நேரமே இருந்தது. அயர்லாந்தின் கால்வே நகர ஒப்பனைக்காரி ஓர்லாவுக்குப் படபடப்பு.

“மூக்குல இருக்கிற புள்ளிங்கள மறைச்சிடாதே, அதான் அழகு!” என்றது நாற்காலியில் இருந்த செம்பட்டைத் தலை.

“ஆடாம உட்காரு! கண்ணுக்குக் கறுப்பு மை வேணாம், வெளுத்த தோலுக்குப் பேய் மாதிரி இருக்கும். பழுப்பு மைதான். வெயில்ல கறுத்த மாதிரி தெரியணும்னு டியூப்ல நிறம் வாங்கிப் பூசி, கேரட் நிறத்துல நின்ன குடும்பம்தானே நீங்க!”

பீச் நிற உதட்டுச்சாயம் கச்சிதமாகப் பொருந்தியது.

அப்போது கதவு திறந்தது. பனிமூட்டத்தில் விமானம் தாமதமாகி, பெட்டியோடு ஓடிவந்தாள் மணப்பெண் டெர்வ்லா. அதே தோல் நிறம் என்பதால் தனக்குப் பதிலாக உட்கார்ந்து ஒப்பனை நிறங்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த இரட்டைத் தம்பி கஹாலைக் கண்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“தாடியைத் தவிர அப்படியே நான்தான்டா! ஓர்லா, எனக்கும் இதையே போடு. கன்னச் சிவப்பு மட்டும் ஜாஸ்தி, குறைச்சுக்கோ.”

“அத நான் பூசவே இல்லடீ,” என்றாள் ஓர்லா. “அது அவனோட வெட்கம்!”