பொம்மையின் நாடி

மருத்துவ உதவியாளர் பயிற்சி நிலையத்தில் அன்றைக்கு நாடித்துடிப்புப் பாடம். ஆசிரியரின் பட்டங்கள் பெயர்ப்பலகையில் இடம் போதாமல் இரண்டாம் வரிக்கு வழிந்திருந்தன. நோயாளி என்று இருந்தது ஒரே ஒரு ரப்பர் பொம்மை. அதற்கு நாடி கிடையாது. ஆகவே அதன் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, எழுபத்திரண்டு என்று எழுதுவதே அங்கே வழக்கம். அப்படி எழுதித்தான் வருடாவருடம் எல்லோரும் தேறினார்கள்.

வகுப்பிலேயே மூத்தவள் மட்டும் நூற்று நாற்பது என்று எழுதினாள். போன வருடம் காய்ச்சலில் கிடந்த மகளின் கையை ஒரு மதியம் முழுக்கப் பிடித்திருந்தவள் அவள். துடிப்பு குறையக் குறைய, பிள்ளை அசந்து தூங்குகிறது என்று நினைத்திருந்தாள். அதனால்தான் இங்கே படிக்கச் சேர்ந்தாள்.

"அக்கா, எழுபத்திரண்டுன்னு போட்டுட்டு வாங்க. கேன்டீன் மூடிடும்" என்றாள் பக்கத்துப் பெண்.

"என்னம்மா, பொம்மைக்கு ஜுரமா? லீவு லெட்டர் எழுதித் தரவா?" என்றார் ஆசிரியர். வகுப்பு சிரித்தது.

"ஒரு நிமிஷம் முழுசா எண்ணினேன் சார்."

திருத்திக் காட்டுவதற்காக அவரும் விரல்களை வைத்தார். உதடுகள் எண்ணின. பிறகு கையை எடுத்துக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு, அவள் நோட்டில் எழுபத்திரண்டு என்று தானே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அவள் பொம்மையின் மணிக்கட்டை விடவில்லை.

"நூறு ஆயிடுச்சு சார். குறைஞ்சுகிட்டே வருது. இப்ப என்ன செய்யணும்? சொல்லுங்க சார்!"

ஆசிரியர் கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அது அடுத்த வாரப் பாடம்மா."