நாற்காலியில் அமர்ந்தவள்

தாலியைக் கழற்றிப் பால் சொம்பில் போட்டார்கள்.

அவள் தடுக்கவில்லை. வளையல்களை உடைத்தபோதும் கையை நீட்டியபடியே இருந்தாள்.

பிறகு நாத்தனார் பூவாத்தாளின் விரல்கள் அவள் கழுத்திலிருந்த கறுப்புக் கயிற்றுக்கு வந்தன.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கயிற்றில் ஒரு வெள்ளிக்காசு.

அமராவதி வற்றிக் கிடந்த ஒரு கோடையில், ஊற்றுத் தோண்டும்போது மணலிலிருந்து அவள் எடுத்தது. அப்போது தாவணி போட்ட வயசு. புளி வைத்துத் தேய்த்ததும் ஒரு பக்கம் ஆணின் தலை தெரிந்தது. மறுபக்கம் ஒரு பெண். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் கோல், மறு கையில் தழைக்கொத்து.

ரோமாபுரிக் காசு, இரண்டாயிரம் வருஷத்துப் பழசு, இவள் சமாதானத்தின் தேவதை என்று கல்லூரியில் சரித்திர வாத்தியார் சொன்னார்.

அவளுக்குப் பிடித்தது வேறு.

யார் வந்தாலும் எழுந்திருக்கிறவளாக அந்தப் பெண் தெரியவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அதைக் கழற்றியதில்லை. தாலிக்கொடியோடு சிக்கிக்கொள்ளும். கணவன் சென்னியப்பன்தான் பொறுமையாகப் பிரித்துவிடுவான்.

"கழுத்துல ஒண்ணும் இருக்கப்படாது. விடுங்க நங்கையா" என்றாள் பூவாத்தாள் அண்ணியிடம்.

"உங்கண்ணன் கட்டுனதக் கழட்டிட்டீங்க. இது நானே எனக்குக் கட்டிக்கிட்டது."

சுற்றியிருந்த பெண்களின் ஒப்பாரி நின்றது.

"எழவு வீட்டுல பேசற பேச்சா இது?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி கத்தரிக்கோல் எடுத்துவந்து பூவாத்தாளிடம் கொடுத்தாள்.

அவள் காசைப் பொத்திக்கொண்டாள். உள்ளங்கையில் விளிம்பு அழுந்தியது. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அழுதுகொண்டே சொன்னாள்.

"அறுத்துப் பாருங்க."

மாமியார் மூலையிலிருந்து எழுந்து வந்தாள். வழிவிட்டார்கள். கைக்குழந்தையோடு தாலி அறுத்தவள். அதற்குப் பிறகு அந்தக் கழுத்தில் ஒரு பாசிமணிகூட ஏறியதில்லை.

மருமகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். காசை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நாற்காலியில் இருந்தவளை வெகுநேரம் பார்த்தாள்.

பூவாத்தாள் கத்தரிக்கோலை நீட்டினாள்.

மாமியார் அதை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மருமகளுக்குப் புதிதாகப் போர்த்தியிருந்த வெள்ளைச் சீலையைச் சற்று விலக்கி, காசை எடுத்து அதன்மேல் வெளியே தெரிய விட்டாள்.

"வா சாமி. ஆம்பளைக வாசல்ல காத்துக்கிட்டிருக்காங்க."

மாமியாரே முன்னால் நடந்தாள்.