நீலக்கோட்டுக்கு மேலே மாதா

தூத்துக்குடியின் அந்தக் கடற்கரைத் தெருவில், மாதா கோயில் திருவிழா முடிந்ததும் ஓவியக்குழு வீடுவீடாக வந்து நீலக்கோடு போடும். அடுத்த புயலில் கடல் எந்த உயரம்வரை வீட்டுக்குள் ஏறும் என்று காட்டும் கோடு அது. முதலில் விழிப்புணர்வுக்காகத் தெருச்சுவரில் வரைந்த படம்தான். பிறகு வீட்டு வழக்கமாகிவிட்டது. கோட்டுக்குக் கீழே யாரும் சாமிப்படம் மாட்டுவதில்லை. கோடு வாசல்நிலையின் உச்சியைத் தொட்டால் வீட்டைக் காலி செய்துவிடுவார்கள்.

ஜெசிந்தா வீட்டு மாதா படம் வருஷாவருஷம் ஏறி, இப்போது கூரையை ஒட்டி இருந்தது. இந்த வருஷக் கோடு நிலையின் உச்சியைத் தொட்டுவிடும் என்று, கோவில்பட்டியில் வாடகை வீடு பார்த்து, மூட்டைகளும் கட்டியாயிற்று.

குழுவிலிருந்து வந்த பிலோமி இந்த வருஷக் கடல்மட்டக் கணக்கைப் பார்த்துச் சுவரை அளந்து, பழைய கோட்டுக்கு ரொம்பக் கீழே, இடுப்பு உயரத்தில் தூரிகையை வைத்தாள்.

"ஏ பிள்ள, தப்பா அளந்துட்டியா? மறுபடி பாரு," என்றாள் ஜெசிந்தா.

"ரெண்டு தடவ பாத்துட்டேன் மைனி. தெரு முழுக்க இறங்கித்தான் இருக்கு."

ஜெசிந்தா அப்படியே மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் கணவர் ராயப்பன் ஏணியைத் தூக்கி வந்தார்.

"அண்ணாந்து அண்ணாந்து செபமாலை சொல்லியே கழுத்து போச்சு," என்று முனகிக்கொண்டே படத்தை இறக்கி, முகத்துக்கு நேராக மாட்டினார்.

பக்கத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, கண்ணாடி முழுக்க ஒட்டடை. முந்தானையால் துடைக்கத் துடைக்க ஜெசிந்தாவுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

"இந்த அழுக்குக்குள்ள இருந்துக்கிட்டா தாயே எங்களுக்காக வேண்டிக்கிட்டு இருந்த?"