ஆந்தை போன பாறை

கல்குவாரியின் விளிம்புக்கு வந்ததும் அவள் முதலில் பார்த்தது அந்த எழுத்துகளைத்தான்.

பாறையில் சுண்ணாம்பால் எழுதியிருந்தது. கபடிக் குழுவின் பெயர். கூடவே ஊர்ப் பெயர். ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழம்.

இவ்வளவு பெரிய எழுத்து அன்றைக்கு எப்படிக் கண்ணில் படாமல் போனது? சரியான மடச்சி.

மூன்று வாரத்துக்கு முன்னால் இதே இடம். வேலை நின்றுபோன குவாரி. எதிர்ப்பாறைப் பொந்தில் ஒரு கொம்பன் ஆந்தை, அதோடு மூன்று குஞ்சுகள். படம் எடுத்தாள். சந்தோஷம் தாங்காமல் அன்றைக்கே முகநூலில் போட்டாள்.

பறவைப் படம் எடுப்பவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. கூடு இருக்கிற இடத்தை வெளியே சொல்லக் கூடாது. அவளும் சொல்லவில்லை. யார் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் படத்தின் மூலையில் இந்தப் பாறை எழுத்து, ஊர்ப் பெயரோடு பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலமே ஒருவர் கீழே எழுதினார். 'இடம் தெரிந்துவிட்டது. ஞாயிறு கிளம்புகிறோம்.'

படத்தை நீக்கினாள். நீக்கி என்ன பிரயோசனம்?

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இன்று விடுப்பு போட்டுவிட்டு மதுரையில் முதல் பஸ்ஸைப் பிடித்திருந்தாள். படம் எடுக்க அல்ல. அவை இருக்கின்றனவா என்று பார்க்க. கேமரா பழக்கதோஷத்தில் கழுத்தில் ஏறிக்கொண்டது.

"யாரும்மா அது? ஆந்தைக்கு வந்தியா?"

ஆடு மேய்க்கிற பெண். ஐம்பது வயதிருக்கும். தொரட்டிக் கம்போடு கருவேல நிழலிலிருந்து விறுவிறுவென்று வந்தாள். பார்வை நேராகக் கேமராவுக்குப் போனது.

"ஆமாக்கா."

"அது போயிருச்சு தாயி. எப்பவோ போயிருச்சு."

அவள் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கூட்டம் கூட்டமா வந்தாய்ங்க. கார்ல, வேன்ல. அது பாட்டுக்கு உக்காந்திருக்கு. பறக்கணும்னு கல்லக் கொண்டு எறியிறாய்ங்க. றெக்கைய விரிச்சாத்தான் படம் நல்லாருக்குமாம். பச்சப் புள்ளைகள வச்சுக்கிட்டு அது எங்கிட்டுப் பறக்கும்? நீயே சொல்லு."



அந்தக் கல்லை எடுத்துக் கொடுத்தவளே நான்தான் அக்கா என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் ஆட்டுக்காரி வேறு பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"ஏய் மல்லிகா! அங்கிட்டு என்ன சோலி ஒனக்கு?"

ஒரு வெள்ளாடு திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மேயப் போனது.

அப்போதுதான் கரிச்சான் குருவி கத்தியது. ஒன்றல்ல, இரண்டு. பாறைச் சரிவிலிருந்த இச்சி மரத்தைச் சுற்றிச் சுற்றி எதையோ விடாமல் வைதுகொண்டிருந்தன.

கரிச்சான் இப்படிச் சும்மா கத்தாது. பகலில் ஆந்தையைக் கண்டுவிட்டால்தான் ஊரைக் கூட்டும்.

அவள் தலையைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் ஓட்டினாள்.

பழைய பொந்துக்குப் பத்தடி தள்ளி, இச்சி வேர்களுக்குப் பின்னால், பாறை நிறத்தில் என்னவோ இருந்தது. அதற்கு இரண்டு கொம்புகள். பாதி மூடிய ஆரஞ்சுக் கண்.

பக்கத்தில் பஞ்சுப் பொதி மாதிரி ஒரு குஞ்சு. அதை ஒட்டி இன்னொன்று.

இரண்டுதானா?

எண்ணினாள். மறுபடி எண்ணினாள். இரண்டுதான்.

அடிப் பாவி. ஒன்றைக் கொன்றுவிட்டாயே.

தாய் ஆந்தை லேசாக நகர்ந்து உட்கார்ந்தது. அதன் வயிற்றுக்கடியிலிருந்து மூன்றாவது தலை தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்தது. வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டது.

அப்பாடா!

மூன்று வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது சட்டென்று இறங்கிப் போனது. கை தானாகக் கேமராவுக்குப் போனது.

ஆட்டுக்காரி அந்தக் கையைப் பார்த்தாள். முகம் இறுகியது. ஒன்றும் தெரியாதவள் போல நகர்ந்து வந்து இச்சி மரத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். முந்தானையை வேறு அகல விரித்து உதறினாள். அவ்வளவு பெரிய மரத்தை ஒரு சேலை எவ்வளவுதான் மறைக்கும்?

ஓஹோ. அப்படியா சங்கதி.

மகராசி! காலில் விழுந்து கும்பிடலாம் போலிருந்தது அவளுக்கு.

விழவில்லை. விழுந்தால் பார்த்துவிட்டது தெரிந்துபோகும். அப்புறம் இந்த மனுஷிக்கு ஏது நிம்மதி?

கையைக் கேமராவிலிருந்து எடுத்தாள்.

"எந்தப் பக்கம் போச்சுக்கா?"

தொரட்டிக் கம்பு உடனே மேற்கே நீண்டது.

"அந்தா தெரியுது பாரு, மொட்டப் பாறை. அங்கிட்டுத்தான் போச்சு. வந்தவுக எல்லாரையும் அங்கனதான் அனுப்பி வச்சேன். வெரசாப் போ."

எதிரே கூப்பிடு தூரம்தான். கருவேல முள்ளைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர அரை மணி நேரம் ஆனது. மண்டையைப் பிளக்கிற வெயில். ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் நடந்தாள்.

மொட்டைப் பாறையில் பொந்தும் இல்லை, புல்லும் இல்லை. அடியில் காலித் தண்ணீர் பாட்டில்கள். பிஸ்கட் உறைகள். கார் டயர்த் தடம். எத்தனை பேர் இங்கே உட்கார்ந்து கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்களோ! அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

திரும்பினாள். குவாரி மேட்டில் ஆட்டுக்காரி நெற்றியில் கையை வைத்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கெடச்சுச்சா தாயி?"

"இன்னும் இல்லக்கா!"

"இருந்து பாரு! வரும்!"

"சரிக்கா!"

வெறும் பாறைக்கு நேராகக் கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தாள். அழுகை வந்தது. ஆசை தீர அழுதாள்.

அங்கிருந்து பார்த்தால் படம் எடுக்கிறாள் என்றுதான் தெரியும்.