மரத்தூள்

பித்தளை விளக்குகளை ஆசிட்டில் முக்கிப் பளபளப்பாக்கும் பட்டறையில் அன்று காலை நைட்ரிக் ஆசிட் கேன் ஒன்று கவிழ்ந்தது. எண்ணெய் கொட்டினால் மரத்தூளைப் போட்டுக் கூட்டுவது அங்கே பழக்கம். இருதயராஜ் இதற்கும் ஒரு சாக்கு மரத்தூளைக் கொட்டினார். தூள் கறுத்துக் கொதித்தது. செங்காவி நிறத்தில் புகை எழுந்து, அவசரமே இல்லாமல் அவர் முகத்தைத் தடவிக்கொண்டு போனது. நாலு முறை இருமினார். வெளியே வந்து முகம் கழுவியதும் எல்லாம் சரியாகிவிட்டது.

முதலுதவிப் பெட்டியைக் கவனிக்கும் பர்வீன் விடவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்ணே. இந்தப் புகை உடனே ஒண்ணும் காட்டாது. சாயங்காலமாத்தான் நுரையீரல்ல வேலையைக் காட்டும்."

"நல்லா இருக்கிறவனை எதுக்கும்மா படுக்க வைக்கணும்?" என்று சிரித்தார். அவள் ஆட்டோ கூட்டிவரப் போன நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

பர்வீன் பலமுறை கூப்பிட்டும் போனை அவர் எடுக்கவேயில்லை. மாலை ஐந்து மணிக்கு அவர் மனைவி புஷ்பம் எடுத்தாள்.

"அசதியா இருக்குன்னு படுத்தாரு, நல்லாத்தான் தூங்குறாரு. நான்தான் அரைமணி நேரமா குழாய் குழாயா பாத்துக்கிட்டிருக்கேன். எல்லாத்தையும் மூடிட்டேன். ஆனா எங்கயோ தண்ணி கொப்பளிக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு."

"அக்கா, அவரை உடனே எழுப்புங்க."

அடுக்களையிலிருந்து அறைக்குள் போகும் காலடி போனில் கேட்டது. பிறகு நின்றது.

"இரும்மா," என்றாள் புஷ்பம், குரலைத் தாழ்த்தி. "இங்கதான் கேக்குது."