யாரும் அமுக்காத பட்டன்

“காசு கொடுத்து யாராவது பயத்தை வாங்குவாங்களா சார்?”

பொருட்காட்சிப் பேய் வீட்டின் வாசலில் நின்று கேட்டார் எலக்ட்ரீஷியன். காலேஜ் படிக்கும் மகளோ, அப்பா ரிப்பேர் வேலைக்கு வந்த சாக்கில், “சும்மா ஒரு கிக்குப்பா!” என்று ஓசியில் உள்ளே நுழைந்துவிட்டாள்.

“ஆபத்தில்லைன்னு தெரிஞ்சாத்தான் பயம் இனிக்கும்” என்றார் முதலாளி. “ரூமுக்கு ரூம் சிவப்பு பட்டன் வெச்சிருக்கேன். தாங்கலைன்னா அமுக்க வேண்டியதுதான். உடனே லைட் எரியும், கதவு திறக்கும்னு சொல்லித்தான் அனுப்புறோம். ஆறு வருஷத்துல ஒருத்தர்கூட அமுக்கினதில்லை!”

எலக்ட்ரீஷியனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

உள்ளே மகள் வீலென்று கத்தினாள். வரிசையில் நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

“உங்க பொண்ணு எப்படி ரசிக்குது பாருங்க! சரி, முதல் ரூம் பட்டன் கழண்டு விழுந்துடுச்சு. மாட்டி விட்டுடுங்க.”

கையில் வாங்கிய பட்டனைத் திருப்பிப் பார்த்தார் எலக்ட்ரீஷியன். பின்னால் வயர் இல்லை. வயர் கோக்க இடமே இல்லை.

“கனெக்‌ஷன் எங்க சார்?”

“அது எதுக்கு? பட்டன் இருக்குங்கிற தைரியம் போதும். எல்லா ரூம்லயும் அப்படித்தான். பசை தடவி ஒட்டுங்க.”

விரலில் ஏதோ நெருடியது. பட்டனை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

நடுவில் சிவப்பு மொத்தமும் தேய்ந்து, கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளையாகப் பள்ளம் விழுந்திருந்தது.

“அப்பா! கதவைத் திறங்கப்பா!” என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது.

வரிசையில் நின்றவர்கள் மறுபடியும் கைதட்டினார்கள்.